நடந்தபடி எழுதுவதா, கதையாக்குவதா?

மழைக்கோச்சி (ஹட்டன்)
அக்காவை 12 வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். யார் மூலமாக, எப்படி என்பதையெல்லாம் இங்கே விடுகிறேன். அதைக் கதையாக எழுதினேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தை அப்புத்தளைக்கு மாற்றி, அக்காவைத் தங்கச்சியாக்கி, சுடுதண்ணீர்த் தழும்பைக்கூட இடது கைக்குக் கொண்டுபோனேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து தம்பிதான் சத்தமாக வாசித்தான். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா, தழும்பு வந்த இடத்தில் சுளகைக் கீழே வைத்தார். "இடது கையில்லடா, வலது கை." அவ்வளவுதான், மறுபடி புடைக்கத் தொடங்கிவிட்டார். ஒன்றையும் மாற்றாமல் எழுதியிருக்கணுமோ என்று இரண்டு வருஷமாக உறுத்துகிறது.

மண்வாசி (கொஸ்லந்தை)
எனக்கு நேர்மாறு. 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்த தோட்டத்து மண்சரிவை "நான்" போட்டு எழுதினேன். வாசித்த சிநேகிதன், "நீ அன்னைக்கு கொழும்புல புறக்கோட்டைக் கடையிலதானே நின்ன?" என்றான். உண்மைதான். மறுநாள்தான் வந்து சேர்ந்தேன். தண்ணீர்ப் பீலி இருந்த பக்கம் எது என்றே தெரியாமல் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரி, கதையாக்கினால் நீ எங்கே நின்றாய் என்று எவனும் கேட்கமாட்டான் என்று மாற்றி எழுதி அனுப்பினேன். போட்டார்கள். ஆனால் அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள் அல்லவா, அந்தப் பத்தியை மட்டும் வெட்டிவிட்டார்கள். கதைக்குள் செய்தி மாதிரி துருத்துகிறதாம். அந்தப் பத்திக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

பழைய வாத்தியார் (பண்டாரவளை)
மண்வாசி சொல்வதை ஏற்க முடியாது. "நான் அன்று அங்கே இல்லை" என்று முதல் வரியில் எழுதியிருந்தால் சிநேகிதன் ஏன் கேட்கப்போகிறான்? பத்தியும் தப்பியிருக்கும்.

எனக்கு நடந்தது சின்னது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தோட்டத் தமிழர் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு என்று முடிவானதே, அந்தக் கணக்கில் பெரியப்பாவும் போனார். அப்பாயியை எங்களிடம் விட்டுவிட்டு அவர் ஒப்பாரிக் கோச்சியில், அழுதழுது வழியனுப்பிய அந்த ரயிலில், ஏறியதை உள்ளபடி எழுதினேன். அதற்குப் பிறகு அவர் இருந்த கோத்தகிரியிலிருந்து கடிதம் வருவது நின்றது.

தம்பி மழைக்கோச்சி, அறையோடு அறை ஒட்டிய லயத்தில் ஒரு காம்பராவில் தாளித்தால் நாலாவது காம்பராவில் தும்முவார்கள். அங்கே பெயரை மாற்றி யாரை மறைக்கப்போகிறாய்? முதலில் நடந்தபடியே கையால் எழுது. திகதி, மழையா வெயிலா, கூட்டிப்போனது யார், எல்லாம். ஒருவருக்கும் காட்டாதே. அப்புறம் அது அக்காவின் கதையா, அக்கா இல்லாத வீட்டில் வளர்ந்த உன் கதையா என்று பார். உன்னுடையது என்றால் தைரியமாக "நான்" போடு. அக்காவுடையது என்றால் அவளைக் கேட்காமல் ஒரு வரிகூட வெளியே விடாதே. இரவில் எழுதவே கூடாது. நான் அப்படி எழுதித்தான் பிரஷர் கூடி வார்ட்டில் கிடந்தேன். கணினி என்றால் இரண்டு இடத்தில் சேமித்து வை. ஒற்றும் நிறைய விடுகிறாய், கவனி.

மழைக்கோச்சி (ஹட்டன்)
ஒற்றைப் பார்க்கிறேன் சேர். அக்காவிடம் போன கிழமையே போனில் கேட்டுவிட்டேன். தம்பி அவளுக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறான். "எந்தக் கையா இருந்தா என்னடா, அந்த வீட்டுக்கார நோனா பேர ஏன் மாத்துன?" என்றாள். பேலன்ஸ் முடியப்போகுது என்று சொல்லி வைத்துவிட்டேன்.