பணத் தீர்ப்பாணைக்கு ‘ஸ்டே’: தமிழில் என்ன போடலாம்?

நாகர்கோவில், மொழிபெயர்ப்பாளர்:
வழக்காடிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். பணம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாணை ஆகிவிட்டது, தோற்றவர் அப்பீல் போகிறார், அது முடியும்வரை வசூலை நீதிமன்றம் நிறுத்திவைக்கிறது. இந்த ஸ்டேயைத் ‘தடையாணை’ என்றால், ஒரு செயலைச் செய்யாதே என்று நீதிமன்றம் தடுக்கும் இன்ஜங்ஷனோடு குழம்புகிறது. நல்ல சொல் தாருங்கள்.

தக்கலை, தமிழாசிரியர்:
தடு என்னும் அடியில் பிறந்தது தடை. குறுக்கே மறிப்பது. இங்கே மறிப்பு இல்லை, நடப்பது நிற்கிறது. நில் தன்வினை, நிறுத்து பிறவினை. ஆகவே ‘நிறைவேற்ற நிறுத்தம்’. அல்லது ஆறு என்பதன் பிறவினையில் ‘ஆற்றிவைப்பு’. ஆறப்போடுவது நம் வழக்குதானே?

குழித்துறை, வக்கீல் குமாஸ்தா:
சார், ஆறவைக்க இது பாயசம் இல்ல. ‘நிறுத்தம்’னா பஸ்தான் ஞாபகம் வரும். முதல்ல விஷயம் என்னன்னு பாருங்க. அப்பீல் போட்டதாலேயே எதுவும் நிக்காது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் (சி.பி.சி.) கட்டளை 41, விதி 5 அதைத்தான் முதல் வரியிலேயே சொல்லுது. ஸ்டேக்குத் தனி மனு வேணும். நிறுத்தாவிட்டால் பெரும் நட்டம் வரும், தாமதமில்லாம வந்திருக்கோம், ஈடு (ஜாமீன்) தர்றோம், இந்த மூணையும் அதுல காட்டணும். அதோட, ஸ்டே ஆர்டர் கீழ்க்கோர்ட்டுக்குத் தெரிவிச்ச நாள்லேருந்துதான் செல்லும். மேலே ஆர்டர் வாங்கின சந்தோஷத்துல வீட்டுக்குப் போனா, கீழே ஜப்தி நடந்திரும். ஆர்டர் வந்து சேரும்வரை அப்பீல்காரர் தன் நேரடி அறிவில் ஒரு சத்தியப் பிரமாணப் பத்திரம் போட்டால் போதும், கீழ்க்கோர்ட் அதை ஏத்துக்கிடணும். பலருக்கும் இது தெரியாது.

மார்த்தாண்டம், வழக்கறிஞர்:
எல்லையை மறந்து பேசுகிறோம். 1956 நவம்பர் 1 வரை இந்தக் குமரி மண் திருவிதாங்கூர், பின்பு திருவிதாங்கூர்-கொச்சி. மலையாளத்தில் தீர்ப்பு ‘விதி’, நிறைவேற்றுவது ‘விதிநடத்து’. ‘விதிநடத்து நிறுத்தம்’ என்றால் கேரள எல்லையில் பளுகல் பக்கம் பாட்டிக்கும் புரியும்.

தக்கலை, தமிழாசிரியர்:
பாட்டிக்குப் புரியும், கிழக்கே தோவாளைக்காரனுக்கு? சட்டத் தமிழில் விதி என்றால் ரூல். ‘விதி 5-இன்படி விதிநடத்து நிறுத்தம்’ என்று அச்சிட்டால், படிப்பவர் தலைவிதி என்று போய்விடுவார். ‘ஒத்திவைப்பு’ எப்படி? ஒத்துதல் என்றால் விலகுதல். அடமானம் என்னும் ஒற்றிக்கும் இதற்கும் உறவு உண்டா என்பது தனிக்கதை…

குழித்துறை, வக்கீல் குமாஸ்தா:
தனிக்கதைய அப்புறம் வச்சுக்கிடலாம் சார். ஒத்திவைப்பு வாய்தா. ஸ்டே இருக்கும்போதும் அப்பீல்ல வாய்தா விழும்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்:
பணத் தீர்ப்பாணைக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. அதே கட்டளை 41-இல் விதி 1(3)-இன்படி, அப்பீலில் தகராறாக உள்ள தொகையை நீதிமன்றம் தரும் கெடுவுக்குள் கட்ட வேண்டும், அல்லது ஈடு தர வேண்டும். தவறினால் ஸ்டே தரக்கூடாது என்கிறது விதி 5(5). ஈடுதான் இதன் உயிர். ‘ஈட்டுநிறுத்தம்’ என்றே வைக்கலாம். பணம் கட்டாமல் தப்பிக்கலாம் என்ற நினைப்பே வராது.

மார்த்தாண்டம், வழக்கறிஞர்:
அண்ணாச்சி, அரசு அப்பீல் போனால்? கட்டளை 27, விதி 8ஏ-படி அரசிடம் அந்த ஈடு கேட்க முடியாது. அப்போது ஈடில்லா ஈட்டுநிறுத்தமா? அப்பீல் கெடு முடியுமுன் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றமே தருகிற ஸ்டேயும் உண்டு. சொல் இரண்டுக்கும் பொருந்தணும்.

தக்கலை, தமிழாசிரியர்:
கோவலனுக்கு ஒரு ஸ்டே கிடைத்திருந்தால்! அங்கே நிறைவேற்றம் முதலில், மேல்முறையீடு பிறகு.

மார்த்தாண்டம், வழக்கறிஞர்:
பணமென்றால், தீர்ப்பு அப்பீலில் மாறினால், அதே சட்டத்தின் பிரிவு 144-இல் திருப்பி வாங்கலாம் சார். தலையை வாங்க முடியாது.

நாகர்கோவில், மொழிபெயர்ப்பாளர்:
வியாழன் ராத்திரி ஆகிவிட்டது. மூன்று பேர் ‘நிறைவேற்ற நிறுத்திவைப்பு’க்குச் சம்மதம். தலைப்பில் அதைப் போட்டு, உள்ளே ‘ஸ்டே’ என்றே எழுதுகிறேன். அப்பீல் கெடு மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள் என்பதையும் கட்டம் கட்டிச் சேர்த்துவிட்டேன்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்:
எனக்குச் சம்மதமில்லை. அரசு விதிவிலக்கு, விதிவிலக்குக்காகச் சொல்லை மாற்றக்கூடாது. அடிக்குறிப்பிலாவது ஈடு வரட்டும்.

தக்கலை, தமிழாசிரியர்:
நிறைவேற்றம் + நிறுத்திவைப்பு. மகரம் கெட்டது சரி. ஆனால் சேர்த்து எழுதணுமா, பிரித்தா?