திரும்பி வந்த ஏஎம்எல் ரத்தப் புற்றுநோய்: ஆய்வகப் பிளேட்டில் கைகொடுக்கும் மருந்து ஜோடியை நோயாளிக்கு முழு டோஸில் தொடங்கலாமா?

கேள்வி
சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பிய ஏஎம்எல் நோயாளிகளின் மஜ்ஜை செல்களில் வெனடோக்ளாக்ஸ், கில்டெரிடினிப் என்ற இரண்டு லுகேமியா மருந்துகளைச் சேர்த்து, குழிகள் உள்ள பிளேட்டில் 72 மணி நேரம் வைத்தோம். பாதி செல்கள் சாகும் இடத்தில் இரு மருந்தும் ஒன்றுக்கொன்று பலம் சேர்க்கின்றனவா என்று காட்டும் சௌ-தலாலே குறியீடு 0.6. ஒன்றுக்குக் கீழே என்றால் பலம் சேர்க்கின்றன என்று பொருள். ஆகவே மருத்துவச் சோதனையை 400 மி.கி., 120 மி.கி. என்று முழு டோஸிலேயே தொடங்கலாமா?

பதில் 1
அந்த 0.6-ஐ இப்போதே நம்ப வேண்டாம். லுகேமியாவில் பாதி செல்கள் செத்தால் போதாது. 90 சதவீதம் சாகும் இடத்தில் குறியீடு எவ்வளவு என்று பாருங்கள்.

பிளேட்டின் ஓரக் குழிகளில் மருந்து வைத்திருந்தால் அந்த எண்களைத் தூக்கிவிடுங்கள். மூன்று நாளில் அங்கே செல்களை வளர்க்கும் ஊடகம் ஆவியாகி மருந்து கெட்டிப்படும். பார்ப்பதற்கு ஜோடியின் பலம் போலவே இருக்கும். ஓரத்தில் வெறும் பஃபர் மட்டும் ஊற்றுங்கள். மருந்தைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ எல்லாக் குழியிலும் 0.1 சதவீதமாகவே இருக்கட்டும். இரண்டு மருந்து விழும் குழியில் அது இரட்டிப்பாவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

வெனடோக்ளாக்ஸ் 99 சதவீதத்துக்கு மேல் ரத்தப் புரதத்தில் ஒட்டிக்கிடக்கும். 10 சதவீத சீரம் உள்ள ஊடகத்தில் ஒட்டாத, அதாவது வேலைசெய்யும் பங்கு கூடிவிடும். ஆக, பிளேட்டில் 100 நானோமோலார் உடம்பில் அதே 100 ஆகாது. மருந்தே போடாத குழியில் எத்தனை செல்கள் பிழைத்தன என்றும் சொல்லுங்கள். நோயாளியின் செல்கள் 72 மணி நேரத்தில் தாமாகவே சாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆரோக்கியமான சிடி34 செல்களிலும் (ரத்தத்தை உருவாக்கும் மூல செல்கள்) இதே ஜோடியை ஓட்டுங்கள். அவையும் அதே வேகத்தில் செத்தால், கையில் இருப்பது வெறும் விஷம்.

பதில் 2
முழு டோஸில் தொடங்காதீர்கள். இரண்டுமே ரத்த அணுக்களைக் குறைப்பவை. ஒன்றை நிலையாக வைத்து மற்றதை ஒரு படி கீழிருந்து ஏற்றுங்கள். ஒரு டோஸுக்கு மூன்று மூன்று பேராகச் சேர்க்கும் 3+3 முறையில் மூவரில் ஒருவருக்குக் கடும் பாதிப்பு வந்தால் இன்னும் மூவர். ஆறு பேரில் இருவர் என்றால் அந்த டோஸ் அதிகம்.

சோதனைத் திட்டத்தை எழுதும்போது பலரும் சறுக்குவது இங்கேதான்: அணுக்கள் குறைவதை நோயும் செய்யும், மருந்தும் செய்யும். ஆகவே "மஜ்ஜையில் லுகேமியா இல்லாமலே சிகிச்சைச் சுற்று தொடங்கி 42-ஆம் நாளைத் தாண்டியும் நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) ஏறவில்லை" என்றால்தான் அதை மருந்தின் கணக்கில் எழுதும்படி வையுங்கள். வெனடோக்ளாக்ஸை ஒரு சுற்றில் 28 நாளிலிருந்து 21, 14 என்று சுருக்கவும் முன்கூட்டியே வழி எழுதுங்கள்.

பூஞ்சைத் தடுப்புக்கு போசகோனசோல் (மற்ற மருந்துகள் உடம்பில் உடைவதை மந்தமாக்கும்) எடுப்பவருக்கு வெனடோக்ளாக்ஸ் 400 அல்ல, 70 மி.கி. கில்டெரிடினிபின் அளவும் அதனால் ரத்தத்தில் ஏறும். இவர்களைத் தனிக் குழுவாக வையுங்கள். கலந்துவிட்டால் எந்த டோஸ் தாங்கியது என்றே தெரியாது.

பதில் 3
பின்னால் சைட்டரபின் என்ற கீமோ மருந்தையும் சேர்க்கும் எண்ணம் இருந்தால் வரிசையைக் கவனியுங்கள். சைட்டரபின் டிஎன்ஏ பிரதியெடுக்கும் செல்களைத்தான் கொல்லும். கில்டெரிடினிப் போன்ற எஃப்எல்டி3 தடுப்பான் (செல்களைப் பிரியத் தூண்டும் புரதத்தை அடக்கும் மருந்து) முந்திக்கொண்டால் செல்கள் பிரிவதை நிறுத்தி ஒதுங்கிவிடும். அதே வகையான மிடோஸ்டாரினை 8-ஆம் நாள் முதல் 21 வரை, அதாவது 7 நாள் சைட்டரபின் முடிந்த பிறகு கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிளேட்டிலும் மூன்று விதமாக ஓட்டிப் பாருங்கள்: சைட்டரபின் முன்னால், தடுப்பான் முன்னால், இரண்டும் ஒன்றாக.