ஜெயிக்கணும்ங்கற வெறி பயிற்சிக்கு உதவுதா, கெடுக்குதா? (பேசறவங்களை ஊர்ப் பேரால குறிச்சிருக்கு.)

அடிவாரம்:
மாவட்டப் போட்டிக்குப் போற பசங்ககிட்ட "மெடலை மறந்துடு, உன் டைமிங்கை மட்டும் பாரு"ன்னு சொல்றது இப்ப வழக்கமாயிருச்சு. எனக்கு இதுல துளியும் உடன்பாடில்லை. 400 மீட்டர்ல 300 தாண்டினதும் தோள் இறுகும், தலை பின்னால சாயும், கால் எட்டு வைக்கற தூரம் சுருங்கும். பக்கத்து லேன்ல ஒருத்தன் முட்டிட்டு வந்தாத்தான் கை வீச்சு விடாம ஓடுவான். அந்த ஆசையைப் பிடுங்கிட்டா கடைசி 100-க்கு என்ன இருக்கு?

அஸ்தம்பட்டி:
கடைசி 100-க்குச் சரிங்கண்ணா. ஆனா வெறி அதோட நிக்கறதில்லையே. ஏற்காடு ரோட்டுல ஏத்தப் பயிற்சின்னா 60 விநாடி வேகமா ஏறணும், நடந்து இறங்கணும், ஆறு தடவை. அவ்வளவுதான். கூட்டமா போனா இறக்கத்துலயும் பந்தயம் வெச்சுக்கறாங்க. இறங்கும்போது தொடை முன்தசை நீண்டுகிட்டே பிரேக் போடுது, முழங்கால் சில்லுக்குக் கீழயும் முன்னங்கால் எலும்புலயும் வலி பிடிச்சுக்கும். அப்புறம் பல வாரம் ஓட்டமே இல்லை.

இன்னொண்ணு. நம்ம பெரியவடகம்பட்டி மாரியப்பன், ஹைஜம்ப் வீரர், 2016 ரியோ பாராலிம்பிக்ஸ்ல 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவுல 1.86, வெள்ளி. அங்க தங்கம் வாங்கினவர் தாண்டினது 1.88, ரியோ உயரத்தைவிட ஒரு செ.மீ. கம்மி! எத்தனையாவது இடம்ங்கறது அன்னிக்கு வர்ற ஆளுங்களைப் பொறுத்தது. அதை நம்பிப் பயிற்சி போட முடியாது.

அடிவாரம்:
அவரையே எடுத்துக்குங்க தம்பி. 2024-ல கோபே உலகப் போட்டியில தங்கம், பாரிஸ்ல வெண்கலம். மூணு பாராலிம்பிக்ஸ்லயும் மேடை ஏறியிருக்கார். டேப் அளவை மட்டும் பார்த்து ஒருத்தர் இத்தனை வருஷம் தாக்குப்பிடிப்பார்னு நான் நம்பலை. ஹைஜம்ப்ல ஒரே உயரத்துல ரெண்டு பேர் நின்னா, அந்த உயரத்துல தவறவிட்டது யாருக்குக் குறைவோ அவர்தான் முன்னால. எந்த உயரத்தைத் தாண்டறது, எதை பாஸ் பண்றதுன்னு (தாண்டாம விட்டுட்டு அடுத்த உயரத்துக்குப் போறது) எதிராளியைப் பார்க்காம எப்படி முடிவெடுப்பீங்க?

அஸ்தம்பட்டி:
போட்டி நாள்ல பார்க்கட்டும். ஆனா வெறியில ஓட்ட வேகம் கூடி, கடைசி ரெண்டு எட்டு நீண்டு, பாருக்கு (குறுக்குக் கம்பிக்கு) ரொம்பக் கிட்ட போய்க் குதிக்கறான். மேல ஏறும்போதே பார் விழுந்துடும். டேக்-ஆஃபுக்கு (எம்பற இடத்துக்கு) நாலு எட்டு முன்னால ஒரு டேப் ஒட்டி, கால் அங்க விழுதான்னு மட்டும் கவனிக்கச் சொன்னா சரியாகும்.

வாழப்பாடி:
ஆசையையும் அளந்து போடலாங்க. 10 நாளுக்கு ஒரு தடவை 300 மீட்டர் முன்பின் ஸ்டார்ட் வெச்சுப் பாருங்க. 44 விநாடிக்காரனும் 48 விநாடிக்காரனும் ஓடினா, மெதுவானவனை 4 விநாடி முன்னால விடணும். கோடு தொடும்போது ரெண்டு பேரும் ஒட்டி வருவாங்க. சலுகைக்காக டைம் ட்ரையல்ல (நேரம் குறிக்க ஓட விடறப்ப) மெதுவா ஓடி ஏமாத்துவாங்க, அதனால கடைசி ரெண்டு மாசத்துல எது நல்ல நேரமோ அதைக் கணக்குல எடுக்கணும்.

அடிவாரம்:
இதை ஒத்துக்கறேன். ஆனா போட்டிக்கு முந்தின மூணு வாரம் எல்லாரும் ஒரே கோட்டுலதான் கிளம்பணும். நிஜத்துல யாரும் 4 விநாடி தரமாட்டாங்க.

அஸ்தம்பட்டி:
அந்த மூணு வாரத்துலதான் காயம் அதிகம்ங்கண்ணா. கடைசி வாரத்தையாவது விட்டுடுங்க.