எட்டு வயசுப் பிள்ளைகிட்ட சயாம் ரயில் கதை சொல்லலாமா?

பால்மரத்து மகள் (சுங்கை சிப்புட்)
போன வாரம் ராத்திரி கரண்ட் போச்சு. மகனுக்கு எங்க குடும்பக் கதை ஒண்ணு சொன்னேன். 1943-ல, மலாயா ஜப்பான்காரன் கையில இருந்த காலம். சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவுல ரயில் பாதை போட, ரப்பர் தோட்டத்துல இருந்த என் பாட்டியோட அப்பாவை ஜப்பான்காரன் லோரியில ஏத்திட்டுப் போனான். அப்போ பாட்டிக்கு எட்டு வயசு, காலையில வேலைக்கு ஆள் கணக்கு எடுக்குற பெரட்டுக் களத்துல நின்னு பார்த்துச்சாம். அவர் கையில இருந்த தூக்குச்சட்டியை நீட்டி, "கஞ்சி இருக்கு, சிந்தாம எடுத்துட்டுப் போ"ன்னாராம். அதுதான் கடைசிப் பேச்சு.

இதைக் கேட்டுட்டு வீட்டுல எனக்குத் திட்டு. பிள்ளைகிட்ட இதெல்லாம் சொல்லாம வேற எதைச் சொல்றது?

இரவு ஷிப்ட்
அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எதுக்கு அழுகைக் கதை? பள்ளியில சாங் காஞ்சில்னு மலாய்க்காரங்களோட சருகுமான் கதை சொல்றாங்க, போன்ல தமிழ்க் கதை ஆயிரம் இருக்கு. சருகுமான் முதலையை ஏமாத்துறதைக் கேட்டுட்டு என் மகள் சிரிச்சுக்கிட்டே தூங்குது. எங்கப்பா எனக்குச் சொன்னதெல்லாம் கடன், அடி, தோட்டத்து மேனேஜர் துரை முன்னால கைகட்டி நின்னது. அதைக் கேட்டு வளர்ந்த நான் இன்னிக்கும் சூப்பர்வைசர் கூப்பிட்டா நடுங்குறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்
தம்பி சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. அந்தப் பாதை 415 கிலோமீட்டர். காலராவும் பட்டினியும் தோட்டத்துத் தமிழர்களைக் கும்பல் கும்பலா கொண்டுபோச்சு. அது பத்துப் பன்னிரண்டு வயசுக்கு மேல சொல்ல வேண்டியது. ஆனா தூக்குச்சட்டியை எட்டு வயசு தாங்கும்.

இன்னொண்ணு, தம்பி. தோட்டங்களைத் துண்டு துண்டாப் பிரிச்சு வித்த காலத்துல, 1960-ல அப்போ அமைச்சரா இருந்த நம்ம சுங்கை சிப்புட் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாரு. பால் வெட்டுறவங்க பத்துப் பத்து வெள்ளியா (மலாயா டாலர்) போட்டு தோட்டமே வாங்கினாங்க. கைகட்டி நின்னவங்கதான் அதையும் செஞ்சாங்க. உங்கப்பா அதைச் சொல்லலையா?

இரவு ஷிப்ட்
சொல்லல சார்.

பால்மரத்து மகள்
போன் கதை சொல்லும் தம்பி, ஒத்துக்கிறேன். ஆனா என் மகன் கேட்டது என்ன தெரியுமா? "பாட்டி சிந்தாம எடுத்துட்டுப் போச்சா?" நாப்பது வருஷமா இந்தக் கதை எனக்குத் தெரியும், ஒரு நாளும் இதைக் கேட்கத் தோணல. மறுநாள் காலையில அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க, லயத்து வீட்டுக்கு வர்ற வழியில பாதி கொட்டிடுச்சாம். அதைப் பாட்டி சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதுச்சாம். இத்தனை நாள் இது அம்மாவோடயே இருந்திருக்கு. மகன் கேட்கலைன்னா அவங்களோடயே போயிருக்கும்.

உங்கப்பா துரைகிட்ட எதுக்குக் கைகட்டி நின்னாரு? கேட்டீங்களா?

இரவு ஷிப்ட்
கேட்காமலே தெரியும் அக்கா. ஜனவரி மாசம். எனக்குப் பள்ளிச் சட்டையும் சப்பாத்தும் வாங்க முன்பணம் கேட்டு நின்னாரு. அந்தச் சப்பாத்து ஒரு அளவு பெருசு, முன்னால துணி திணிச்சுப் போட்டேன்.

இதை மகள்கிட்ட எப்படிச் சொல்றது? இப்பவும் வேணாம்னுதான் சொல்றேன்.