மருந்து அளவைச் செய்தியில் எப்படிப் போடுவது?

கேள்வி: ஆய்வறிக்கையில் பூச்சிமருந்து அளவு 'ஹெக்டேருக்கு 100 கிராம் வீரியப்பொருள்' என்று இருக்கு. செய்தியில் அப்படியே போடலாமா?

பதில் 1: வேண்டாம். அது வீரியப்பொருளின், அதாவது பூச்சியைக் கொல்லும் மூலப்பொருளின் எடை. புட்டியில் இருப்பது கலவை. லிட்டருக்கு 200 கிராம் வீரியம் என்றால், ஹெக்டேருக்கு 500 மில்லி. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், அதனால் 2.47ஆல் வகுத்தால் ஏக்கருக்குச் சுமார் 200 மில்லி. 100 கிராமை நேராக ஏக்கருக்கு 100 மில்லி ஆக்கினால் பாதி அளவுதான் வயலுக்குப் போகும், பூச்சி சாகாது.

பதில் 2: கணக்கு சரிதான், ஆனா லேபிளோடு ஒத்துப் பாருங்க. அந்தப் பயிரே லேபிளில் இல்லைன்னா அளவைப் போடவே கூடாது. கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்களையும் சேருங்க. பலரும் விடுவது இதைத்தான்.

பதில் 3: வீடியோன்னா எண்ணைத் திரையிலும் எழுதுங்க. காற்றிரைச்சலில் 'ஐம்பது' 'ஒன்பது' மாதிரி கேட்கும். பயிர், தேதி இரண்டும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். திருத்தம் போட்டாலும் பழைய துணுக்கு வாட்ஸ்அப்பில் சுத்தும்.