தோட்ட ஆபீஸ் கிராணி, பகுதி நேரமாகக் காப்புறுதி முகவர் ஆகலாமா?

கிராணிப்பொண்ணு (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருக்கிறேன். காலை ஏழுக்குப் போனால் நாலரைக்கு வீடு. வருகிற சம்பளம் வீட்டுக்கும் தம்பி காலேஜுக்குமே சரியாகப் போய்விடுகிறது.

கூடப் படித்த தோழி ஒருத்தி ஈப்போவில் ஒரு காப்புறுதி ஏஜென்சியில் சேர்ந்திருக்கிறாள், சனி ஞாயிறு செய்தால் போதும் என்று என்னையும் கூப்பிடுகிறாள். போன வாரம் ஒரு விளக்கக் கூட்டத்துக்குப் போனேன். ஒரு தாளைக் கொடுத்து, தெரிந்தவர்கள் நூறு பேர் பெயரை எழுதச் சொன்னார்கள். 23 பெயர் எழுதியதும் கை நின்றுவிட்டது. ஏனென்றால் அதில் பாதிப் பேருக்கு மாதாமாதம் சம்பளச் சீட்டு அடித்துக் கொடுப்பதே நான்தான். யார் முன்பணம் வாங்கியிருக்கிறார், யாருக்கு எவ்வளவு பிடிப்பு என்று எல்லாம் தெரிந்துகொண்டு, அவர் எதிரில் உட்கார்ந்து மாதம் 200 வெள்ளி (ரிங்கிட்) கட்டுங்கள் என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் அப்பாவுக்கும் பிடிக்கவில்லை. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த காலத்தில் ஒருவர் சம்பள நாளன்று வீடு வீடாக வந்து ரொக்கமாக வாங்கிப் போவாராம். மூன்று வருஷம் கட்டியபிறகு விசாரித்தால், பாதிப் பணம் கம்பெனிக்குப் போகவே இல்லை. அந்த ரசீதுகளை இன்னும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார்.

தேர்வு கஷ்டமா, மலாயில் எழுதலாமா, முழுநேர வேலையோடு உண்மையிலேயே செய்ய முடியுமா? செய்கிறவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ அக்கா

தங்கச்சி, நான் பதினோரு வருஷமாக இதில் இருக்கிறேன், முதல் நாலு வருஷம் பகுதி நேரம்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தேர்வைப் பற்றிப் பயப்படவே வேண்டாம். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) இருந்தால் போதும், மலாயிலேயே எழுதலாம். முகவர் ஆவதற்கு முன் எழுத வேண்டிய இந்தத் தேர்வை பிசிஇ என்பார்கள். ஆயுள் காப்புறுதிக்கு ஏ பகுதியும் சி பகுதியும். அப்புறம் முதலீடு சேர்ந்த பாலிசி விற்க இன்னொரு தேர்வு இருக்கிறது, இப்போது மெடிக்கல் கார்டு (மருத்துவச் செலவுக் காப்புறுதி) பெரும்பாலும் அதோடு ஒட்டித்தான் வருகிறது, ஆகவே அதையும் எழுதிவிடுங்கள். பாஸ் ஆகி, கம்பெனி மூலமாக லியாமில் (ஆயுள் காப்புறுதிக் கம்பெனிகளின் சங்கத்தில்) பதிவு முடியும்வரை யாரிடமும் விற்கக் கூடாது. "நீ ஆளைப் பிடி, கையெழுத்து நான் போட்டுக்கொள்கிறேன்" என்று அப்லைன் (உங்களைச் சேர்த்துவிட்ட மேல் முகவர்) சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வருமானம். நீங்கள் அவர்களுக்குத் தொழிலாளி இல்லை, ஈபிஎஃப் (சேமநிதி) பிடிக்க மாட்டார்கள், பெட்ரோல் உங்கள் கைக்காசு. கமிஷன் முதல் வருஷம் கனமாக வரும், பிறகு வருஷா வருஷம் இறங்கும், பொதுவாக ஆறு வருஷத்துக்குப் பிரித்துத் தருவார்கள். கட்டுகிறவர் சீக்கிரமே நிறுத்திவிட்டால் கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கிற ஒப்பந்தமும் உண்டு, கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். வருமான வரிக்கு நீங்கள் இனி, தொழில் வருமானம் உள்ளவர்கள் நிரப்பும் பாரம் பி, கடைசி நாள் ஜூன் 30. வேலைக்குச் சேர்ந்தபோது ஆபீசில் கையெழுத்திட்ட கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள், வெளிவேலை செய்ய அனுமதி வேண்டும் என்று இருந்தால் மேனேஜரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்த 23 பேர். உங்கள் கை சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது. ஆபீஸ் ஃபைலில் இருக்கும் ஒரு போன் நம்பரைக்கூட இதற்காகத் தொடாதீர்கள், 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நாளைக்கு ஒருவர் "கிராணி பார்த்துவிட்டுத்தான் வந்தாள்" என்று சொன்னால் உங்களுக்கு இரண்டு வேலையும் போகும். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்குகிறவரிடம் 200 கேட்பது நியாயமே இல்லை. அவருக்கு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) ஏற்கெனவே இருக்கிறது. குலை வெட்டும்போது அடிபட்டால் தோட்ட நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும், ஆனால் அவருக்குத் தெரியுமா? முதலில் அதைச் சொல்லிக் கொடுங்கள். குறைந்த பிரிமியத்தில் பெர்லிண்டுங்கான் தெனாங் என்ற வகைப் பாலிசிகள் இருக்கின்றன. கமிஷன் சொற்பம்தான், இருந்தாலும் அவருக்குப் பொருந்துவது அதுதான் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும்.

அப்பா சொன்னது இன்றைக்கும் நடக்கக்கூடியதுதான். நான் ரொக்கத்தைக் கையால் தொடுவதே இல்லை. வாடிக்கையாளர் பேங்க் கார்டிலிருந்து நேராகக் கம்பெனிக்குப் போக வேண்டும். கமிஷனில் பாதி தருகிறேன் என்று பேரம் பேசுவதும் விதிக்கு விரோதம்.

கோலகங்சார் மோட்டார் அண்ணன்

அக்கா சொன்னது முழுக்க ஆயுள் காப்புறுதிப் பக்கம். நான் பொதுக் காப்புறுதி செய்கிறேன், அதற்கு ஏயும் பியும் எழுத வேண்டும். மோட்டார் காப்புறுதிக்குக் கமிஷன் 10 விழுக்காடு. கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) ஒன்றுக்குப் பிரிமியம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட வராது. ஆனால் மோட்டார் இல்லாத வீடு தோட்டத்தில் இல்லை, ரோட்டெக்ஸ் (சாலை வரி) வருஷா வருஷம் முடிகிறது, யாரையும் கெஞ்ச வேண்டாம், அவர்களே தேடி வருவார்கள். இரண்டு வருஷம் ஒழுங்காக ஞாபகப்படுத்திப் புதுப்பித்துக் கொடுத்தேன், மூன்றாவது வருஷம் அவர்களே "தம்பி, மெடிக்கல் கார்டு எது நல்லது" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பகுதி நேரமாக இறங்குகிறவருக்கு இந்த வழி மெதுவானது, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக மாட்டார்கள்.

இன்னொன்று. மெடிக்கல் கார்டு விற்கும்போது பிரிமியம் ஏறும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா (மத்திய வங்கி) தலையிட்டு, ஏற்றத்தைக் குறைந்தது மூன்று வருஷத்துக்குப் பிரிக்கச் சொல்லும் அளவுக்குப் போனது. அந்தச் சமயத்தில் என் வாடிக்கையாளர்கள் பலர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். நான் முன்பே விஷயத்தைச் சொல்லியிருந்த வாடிக்கையாளர்கள் கோபப்படவில்லை.

லயத்துவீட்டு மகன்

நான் முகவர் இல்லை. வாங்கியவன் வீட்டுப் பக்கமிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் அம்மாவுக்குப் பாலிசி போட வந்தவர் எங்கள் சொந்தக்காரர்தான். சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து பாரம் நிரப்பினார். அவர் தலைக்கு மேலே ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கிக்கொண்டிருந்தது, அதற்குள் அம்மாவின் கிளினிக் புத்தகமும் சீனி மாத்திரையும். "சீனி வியாதி இருக்கிறதா" என்ற கேள்விக்கு அம்மா அந்தப் பையை நிமிர்ந்து பார்த்தார். அவர், "மாத்திரையில் கட்டுக்குள்தானே இருக்கிறது அத்தை, எழுதினால் பிரிமியம் கூடும்" என்று சொல்லி, இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கு அப்போது பதினெட்டு வயது. பதினாலு மாதத்தில் அம்மாவுக்குச் சிறுநீரகம் போனது, கிளேம் நிராகரிக்கப்பட்டது, கிளினிக் பதிவு அவர்கள் கையில் இருந்தது. டயாலிசிஸுக்கு வாரம் மூன்று தடவை ஈப்போவுக்கு ஓடினோம். சொந்தக்காரர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார்.

அதனால் பாரத்தில் உள்ள உடல்நலக் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். காத்திருப்புக் காலத்தையும் சொல்லுங்கள், சாதாரண நோய்க்கு 30 நாள், ரத்த அழுத்தம், சீனி, கல், மூலம் மாதிரி குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள். பாலிசி கைக்கு வந்து 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம் என்பதை எங்களிடம் யாருமே சொல்லவில்லை. கிளேம் நிராகரித்தால் ஒம்புட்ஸ்மனிடம் (நிதிப் புகார்களை விசாரிக்கும் நடுவரிடம்) இலவசமாகப் புகார் செய்யலாம், கம்பெனியின் இறுதி முடிவு வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதும் எங்களுக்குக் காலம் கடந்துதான் தெரிந்தது.

கிராணிப்பொண்ணு (சுங்கை சிப்புட்)

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா, அம்மாவைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன், மனசு கனத்துப்போனது. நேற்று ராத்திரி அப்பாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுவிட்டு, "ரொக்கம் வாங்க மாட்டேன் என்று முதலில் எனக்கு எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன், அதையும் அந்த டின்னுக்குள் வைத்துவிட்டார்.

மேனேஜருக்கு அனுமதிக் கடிதம் திங்கட்கிழமை கொடுக்கிறேன். பெயர்ப் பட்டியலைக் கிழித்துவிட்டேன். ஏ, பி பகுதி முதலில், சி பகுதி அப்புறம் என்று நினைத்திருக்கிறேன். மலாய்ப் பாடப்புத்தகம் பழையது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்கு வருவேன், வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஈப்போ அக்கா

பாடம் அவ்வப்போது மாறும், பழைய புத்தகத்தை நம்பாதீர்கள். என்னிடம் புதியது இருக்கிறது, பி பகுதியும் சேர்த்து. தனிச்செய்தி போடுங்கள், காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.