கடலூரில் வீட்டுப் பட்டறைக்கு எந்த ஏர் கம்ப்ரசர் சரிவரும்?

வணக்கம் நண்பர்களே. கடலூர் முதுநகரில், வீட்டின் பின்கட்டில் சிறிய மரவேலைப் பட்டறை அமைத்து வருகிறேன். டிரில், ஆங்கிள் கிரைண்டர் இருக்கின்றன. அடுத்தது ஏர் கம்ப்ரசர்.

ஆணி அடிக்கவும் தூசி ஊதவும் 24 லிட்டர் தொட்டி போதும். ஆனால் கதவு, அலமாரிகளுக்கு வார்னிஷ் தெளிக்கவும் விரும்புகிறேன். ஸ்பிரே கன் விடாமல் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வருகிறது என்பதே அங்கே முக்கியம். பெட்டியில் பெரிதாக அச்சிடும் குதிரைத்திறனை மட்டும் நம்பி வாங்க மனம் வரவில்லை. வீட்டில் ஒருமுனை மின் இணைப்புதான். 2 குதிரைத்திறன், 50 லிட்டர் சரியாக இருக்குமா?

எண்ணெய் இல்லாத வகைக்குப் பராமரிப்பு குறைவு, ஆனால் மலிவானவை காதைப் பிளக்கும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. மெதுவாகச் சுழலும் பெல்ட் வகைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

பெரிய கவலை உப்புக்காற்று. தொட்டிக்குள் தண்ணீர் தேங்கி உள்ளே துருப்பிடித்தால் அழுத்தம் தாங்காமல் வெடிக்கவும் கூடும். வேலை முடிந்ததும் தினமும் அடித்திருகைத் திறந்து வடித்தால் போதுமா, ஈரம் பிரிக்கும் ஃபில்டரும் அவசியமா? கடலூர், புதுச்சேரி கரையோரத்தில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துபவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். உதிரிபாகம் உள்ளூரிலேயே கிடைக்கும் மாடல் என்றால் இன்னும் நல்லது.